குறிப்பேடும் பேரேடும்



பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், மலைத்தொடருக்கு அப்பால் அமைந்திருக்கும் ஊர் பாலிக் புலாவ். மலாய் மொழியில் இப்பெயருக்குத் தீவின் மறுபுறம் என்று பொருள் கொள்ளலாம். டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் பூமி அது. பருவக்காற்று மாறுகின்ற மாதங்களில், பிற்பகல் வேளையில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவது இத்தீவில் வழக்கம். சாலையோரத்து மரமொன்று மின்கம்பியின் மீது சாய்ந்தால் போதும், மின்சாரம் நின்றுவிடும்.

அவ்வூரில் டுரியான் பழம் வாங்கி விற்கும் கடை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ பழம் வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்னும் கணக்கெல்லாம் கடையிலுள்ள கணினியில் இருக்கிறது. ஒரு வரவைப் பதிந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்து மின்சாரம் திரும்புகிறது. கணக்கும் திரும்புமா? இதுதான் இன்று நம் முன்னுள்ள கேள்வி. கடைக்கு மட்டுமன்று, கோயில் நிர்வாகக் குழு, கூட்டுறவுச் சங்கம், பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம் ஆகிய எல்லார்க்கும் உரிய கேள்வி இது.

இதற்கு விடை காணவேண்டுமானால், கணினி தன் வன்தட்டில் செய்திகளை எவ்வாறு அடுக்கி வைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். அவ்வாறு அடுக்கி வைக்கும் ஒழுங்குக்குக் கோப்பு முறை என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபைல் சிஸ்டம் என்பர்.

பெரிய கிடங்கு ஒன்றை உவமையாகக் கொள்வோம். அதில் ஆயிரக்கணக்கான அறைகள் உள்ளன. கிடங்குக் காவலரிடம் மூன்று ஏடுகள் இருக்கின்றன. முதல் ஏட்டில் சரக்குகளின் பெயர்ப் பட்டியல். இரண்டாம் ஏட்டில் ஒவ்வொரு சரக்கும் எந்தெந்த அறைகளில் இருக்கிறது என்னும் விவரம். மூன்றாம் ஏட்டில் எந்த அறை காலி, எந்த அறை நிரம்பியது என்னும் கணக்கு. புதிய மூட்டை ஒன்று வந்தால் மூட்டையை அறையில் வைக்கவேண்டும். மூன்று ஏடுகளிலும் எழுதவேண்டும். ஆக, வேலை ஒன்றானாலும் செயல்கள் நான்கு. வன்தட்டிலும் இப்படியே. நாம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது கணினி பல இடங்களில், ஒன்றன் பின் ஒன்றாக எழுதுகிறது. வேகம் கருதி, சிலவற்றை உடனே எழுதாமல் நினைவகத்தில் வைத்திருந்து சிறிது நேரம் கழித்தும் எழுதுகிறது.

இந்த நான்கு செயல்களுக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பெயர்ப் பட்டியலில் சரக்கு இருக்கும், அறையில் இராது. அறையில் சரக்கு இருக்கும், பட்டியலில் இராது. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. நிரம்பிய அறையைக் காலி என்று ஏடு காட்டுமானால், அடுத்து வரும் மூட்டையையும் அதே அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவர். அப்போது நேற்றுவரை நன்றாக இருந்த பழைய சரக்கும் கெட்டுப்போகும். மின்சாரம் நின்ற நேரத்தில் நாம் தொடாத கோப்புகூடப் பின்னொரு நாளில் பழுதாவதற்கு இதுவே காரணம்.

முற்காலத்தில் இதற்குக் கண்ட பரிகாரம் முழுச் சோதனை. கணினி சரியாக மூடப்படாமல் நின்றிருந்தால், அடுத்த முறை இயக்கும்போது மூன்று ஏடுகளையும் அறை அறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் ஒன்று ஓடும். லினக்ஸ் கணினிகளில் 1993ஆம் ஆண்டு முதல் புழக்கத்துக்கு வந்த எக்ஸ்ட்-2 என்னும் கோப்பு முறையில் இதுவே வழி. வன்தட்டு சில நூறு மெகாபைட் அளவில் இருந்தபோது சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. வன்தட்டுகள் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருத்தபோது சோதனையும் மணிக்கணக்கில் நீண்டது. கெட்டது ஒரே ஒரு மூட்டையின் கணக்காக இருக்கலாம். ஆனால் எந்த மூட்டை என்று தெரியாததால் கிடங்கு முழுவதையும் எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது. எண்ணி முடியும்வரை கடையைத் திறக்க இயலாது.

இதற்கு மாற்று வழி கணினி அறிவியலில் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது. 1494ஆம் ஆண்டு வெனிசு நகரில் லூக்கா பச்சோலி என்னும் பாதிரியார் வெளியிட்ட கணித நூலில், வணிகர்கள் எழுதவேண்டிய குறிப்பேட்டையும் பேரேட்டையும் விளக்கியிருக்கிறார். நம்மவர்க்கும் இது புதிதன்று. பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரின் கணக்கு முறையிலும் அன்றாட நாள்வழி வேறு, ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு வேறு. நடந்ததை நடந்த வரிசையில் முதலில் குறித்துவிடுவது, பின்னர் அதனை உரிய பக்கத்தில் ஏற்றுவது என்பதே இதன் அடிப்படை. ஏற்றும்போது கணக்குப்பிள்ளை பாதியில் எழுந்து போனாலும் கவலையில்லை. குறிப்பேட்டைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து எவரும் தொடரலாம்.

இதே முறையைக் கணினிக்குப் பொருத்தியதுதான் குறிப்பேட்டுக் கோப்பு முறை. ஆங்கிலத்தில் ஜர்னலிங் ஃபைல் சிஸ்டம் என்பர். வன்தட்டின் ஒரு சிறு பகுதி குறிப்பேட்டுக்கென ஒதுக்கப்படுகிறது. இன்ன ஏட்டில் இன்ன மாற்றம், இன்ன ஏட்டில் இன்ன மாற்றம் என்று எல்லாவற்றையும் கணினி முதலில் அங்கே எழுதுகிறது. எழுதி முடித்ததும் முடிந்தது என்று ஒரு முத்திரை இடுகிறது. அதன் பிறகே உண்மையான ஏடுகளில் கை வைக்கிறது. நடுவில் மின்சாரம் நின்றால், மறுபடி இயங்கும்போது குறிப்பேட்டை மட்டும் புரட்டிப் பார்க்கிறது. முத்திரை உள்ள பதிவுகளை ஏடுகளில் மீண்டும் ஏற்றிவிடுகிறது. முத்திரை இல்லாத அரைகுறைப் பதிவைத் தள்ளிவிடுகிறது. வன்தட்டு எவ்வளவு பெரிதாயினும் இவ்வேலை பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இம்முறை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1990ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளில் ஜே.எஃப்.எஸ். என்னும் பெயரில் இதனைக் கொண்டுவந்தது. 1993இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி.யுடன் என்.டி.எஃப்.எஸ். முறையை வெளியிட்டது. 1998இல் ஸ்டீபன் டுவீடி என்பவர், பழைய எக்ஸ்ட்-2 முறையோடு குறிப்பேட்டைச் சேர்க்கும் வழியை ஒரு கட்டுரையில் விளக்கினார். அதுவே எக்ஸ்ட்-3 என்னும் பெயரில் 2001ஆம் ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கருவகத்தில் இடம்பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 2002இல் தன் மேக் கணினிகளுக்கு இவ்வசதியை அளித்தது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் எக்ஸ்ட்-4 நிலைபெற்றது.

மாறலாமா, வேண்டாமா என்று அலுவலகங்கள் உண்மையாகவே சிந்தித்த காலம் அது. மலேசியாவில் மாம்பு என்னும் அரசுப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான எல்காட் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் சூசே லினக்ஸ் முறைக்கு மாறியது. லினக்ஸை ஏற்றுக்கொண்ட ஒவ்வோர் அலுவலகமும் வன்தட்டுக்கு எந்தக் கோப்பு முறையைத் தேர்வது என்று முடிவு செய்யவேண்டியிருந்தது.

அக்காலத்துத் தேர்வு ஒன்று நமக்குப் பாடமாக அமைகிறது. எக்ஸ்ட்-3க்குச் சில மாதங்கள் முன்னதாகவே, 2001இன் தொடக்கத்தில், ரைசர் எஃப்.எஸ். என்னும் குறிப்பேட்டு முறை லினக்ஸில் இடம்பெற்றது. சிறு கோப்புகளைக் கையாள்வதில் அது கெட்டிக்காரத்தனம் மிக்கது என்று பெயர் பெற்றது. சூசே நிறுவனம் அதையே தன் இயல்பான முறையாக வைத்திருந்தது. பின்னர் 2006இல், இனி எக்ஸ்ட்-3 முறையையே இயல்பாக வைப்போம் என்று அறிவித்தது. ரைசர் எஃப்.எஸ். பராமரிப்பார் குறைந்து, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கருவகப் பதிப்பிலிருந்து அடியோடு நீக்கப்பட்டது. எக்ஸ்ட்-3 முறையில் எழுதிய வன்தட்டுகளையோ இன்றுள்ள எக்ஸ்ட்-4 மென்பொருளே படித்துவிடும். ஆதலின், கோப்பு முறையைத் தேர்வோர் இன்றைய வேகத்தை மட்டும் பார்த்தல் போதாது. இருபது ஆண்டுகள் கழித்தும் அதைப் பேண ஆள் இருப்பார்களா என்பதையும் பார்க்கவேண்டும்.

இனி, குறிப்பேடு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். இங்கேதான் பலரும் தவறான நம்பிக்கை கொள்கின்றனர்.

பெரும்பாலான குறிப்பேட்டு முறைகள் கிடங்கின் ஏடுகளைக் காக்கின்றன. மூட்டைக்குள் இருக்கும் பொருளை அவை குறிப்பேட்டில் எழுதுவதில்லை. எக்ஸ்ட்-3 முறையில் மூன்று நிலைகள் உண்டு. பொருளையும் ஏட்டு மாற்றத்தையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுவது ஒரு நிலை. இது மிகவும் காப்பானது. ஆனால் எல்லாவற்றையும் இருமுறை எழுதுவதால் பெரும்பாலும் வேகம் குறையும். பொருளை அதன் இடத்தில் முதலில் வைத்துவிட்டு, ஏட்டு மாற்றத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவது இரண்டாம் நிலை. இதுவே பொதுவாக வழங்குவது. பொருள் எப்போது போய்ச் சேர்ந்தாலும் சரி என்று ஏட்டு மாற்றத்தை மட்டும் குறிப்பது மூன்றாம் நிலை. இதில் மின்சாரம் நின்று திரும்பினால், ஏடுகள் ஒழுங்காக இருக்க, கோப்பைத் திறந்தால் உள்ளே பழைய குப்பை கிடக்கக்கூடும்.

2009ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒன்று இதற்குச் சான்று. புதிய எக்ஸ்ட்-4 முறையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களில் சிலர், கணினி திடீரென நின்ற பிறகு தம் கோப்புகள் பெயர் மாத்திரம் இருக்க, உள்ளே ஒன்றுமின்றி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டனர். குறிப்பேடு தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது. ஆனால் புதிய முறை, வேகத்துக்காக, பொருளுக்கு இடம் ஒதுக்குவதையே சிறிது நேரம் தள்ளிப்போட்டது. அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் பொருள் போயிற்று. அம்முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடர் சோ இதனை விளக்கினார். முக்கியமான கோப்பை எழுதும் மென்பொருள், வட்டில் எழுதி முடித்தாயா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும் என்பது அவர் வாதம். எனினும் பயனர்களின் இழப்பைக் கருதி, அடிக்கடி நேரும் சூழல்களுக்குத் திருத்தமும் செய்யப்பட்டது.

மேலும் சிலவற்றையும் மறக்கலாகாது. மின்னல் தாக்கி வன்தட்டே கருகிவிட்டால் குறிப்பேடும் அதனுடனேயே கருகிவிடும். தவறுதலாக நாமே அழித்த கோப்பை, நாம் விரும்பி அழித்ததாகவே குறிப்பேடு பதிந்துகொள்ளும். திருட்டுப் போன கணினியையும் தீய மென்பொருள் பூட்டிய கோப்புகளையும் அது மீட்டுத் தராது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கில் பெருமழை பெய்து வெள்ளம் வீடுகளில் புகுந்ததை நாம் அறிவோம். நீரில் மூழ்கிய கணினிக்கு எந்தக் கோப்பு முறையும் துணை வராது. அதற்குத் துணை, வேறோர் இடத்தில் வைத்த நகல் ஒன்றுதான்.

அப்படியானால் மாறுவது வீணா என்று கேட்கலாம். வீணன்று. நகல் என்பது நேற்றைய கணக்கைக் காக்கும். குறிப்பேடு, இன்று மின்சாரம் திரும்பியவுடன் கடையைத் திறக்க உதவும். நகல் இல்லாத குறிப்பேடும் குறையுடையது. குறிப்பேடு இல்லாத நகலும் தொல்லை தருவது. இரண்டும் வேண்டும்.

இனி முடிவெடுக்கும் முறையைப் பார்ப்போம். இன்று விற்கப்படும் விண்டோஸ் கணினியின் உள் வன்தட்டில் என்.டி.எஃப்.எஸ். முறையும், பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்ட்-4 போன்ற முறையும் ஏற்கெனவே அமைந்திருக்கும். 2017 முதல் வந்த மேக் கணினிகளில், பழைய பக்கத்தின் மேல் எழுதாமல் புதிய பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு சுட்டியை மாற்றும் வேறொரு காப்பு முறை இருக்கிறது. அங்கெல்லாம் நாம் மாற்றவேண்டியது ஒன்றுமில்லை. கேள்வி எழுவது மூன்று இடங்களில். பல்லாண்டுக்கு முன் எக்ஸ்ட்-2 முறையில் அமைத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒன்று. வெளியிலிருந்து இணைக்கும் வன்தட்டு இரண்டாவது. பென்டிரைவும் கேமரா அட்டையும் மூன்றாவது.

முதலாவது மிகவும் எளிது. எக்ஸ்ட்-2 முறையை எக்ஸ்ட்-3 ஆக்குவதற்கு வன்தட்டை அழிக்கவேண்டியதில்லை. ஒரே கட்டளையில் குறிப்பேட்டைச் சேர்த்துவிடலாம். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். விவரம் அறிந்தவரைக் கொண்டு இதனைச் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

இரண்டாவது, வெளி வன்தட்டு. இவற்றில் பல, எக்ஸ்ஃபேட் என்னும் முறையில் அமைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. விண்டோஸ், மேக், தொலைக்காட்சி என்று பலவற்றிலும் பொருந்துவது அதன் நன்மை. குறிப்பேடு இல்லாதது அதன் குறை. அவ்வன்தட்டு ஒரே விண்டோஸ் கணினியோடு எப்போதும் இணைந்திருந்து அதில் அன்றாடம் கணக்கு எழுதப்படுமானால், என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றுவது நல்லது. பல வகைக் கணினிகளுக்கிடையே கொண்டுசெல்வதானால் எக்ஸ்ஃபேட்டிலேயே விட்டுவிடலாம். மேக் கணினி என்.டி.எஃப்.எஸ். வட்டைப் படிக்குமே தவிர, தனி மென்பொருள் இல்லாமல் இயல்பாக அதில் எழுதாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, கேமரா அட்டையை மாற்றவே வேண்டாம். கேமராக்கள் ஃபேட், எக்ஸ்ஃபேட் ஆகிய முறைகளையே எதிர்பார்க்கின்றன. வேறு முறையில் அமைத்தால் கேமரா அதனை ஏற்காது. பென்டிரைவும் அவ்வாறே. அது செய்தியைச் சுமந்து செல்லும் பை. பெட்டகம் அன்று. பாதுகாப்பாக நீக்கு என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கும் பழக்கமே அதற்குப் போதிய காப்பு.

மாறுவது என்று முடிவு செய்தால் வரிசை தவறாமல் செய்யவேண்டும். முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறொரு வட்டில் நகலெடுக்கவேண்டும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து பத்துக் கோப்புகளையாவது திறந்து பார்க்கவேண்டும். அதன்பின் மாற்றவேண்டும். பழைய ஃபேட்-32 முறையிலிருந்து என்.டி.எஃப்.எஸ். முறைக்குக் கோப்புகளை அழிக்காமலே மாற்றும் வசதி விண்டோஸில் உண்டு. ஆனால் அதே வழியில் திரும்பி வர இயலாது. எக்ஸ்ஃபேட்டிலிருந்து மாறவேண்டுமானால், வட்டை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்து, நகலிலிருந்து மீண்டும் ஏற்றவேண்டும். மழை இருட்டிக்கொண்டு வரும் பிற்பகலில் இவ்வேலையைத் தொடங்கக்கூடாது. யூ.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி இருந்தால், அதன் துணையோடு செய்வது மிகவும் நன்று. சில நூறு ரிங்கிட் விலையுள்ள அப்பெட்டி, மின்சாரம் நின்றபின் கணினியை முறையாக மூடுவதற்குச் சில நிமிடங்களைத் தருகிறது. குறிப்பேட்டுக்கு வேலையே வராமல் தடுப்பதும் அதுதான்.

நேயர்களே, மாற்றத்தைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் மூன்று கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம். இந்த வட்டில் எழுதும்போது மின்சாரம் நிற்கக்கூடுமா? நின்றால், திரும்பப் பெற இயலாதது ஏதேனும் அதில் இருக்கிறதா? அந்த வட்டைப் படிக்கவேண்டிய கருவிகள் அனைத்தும் புதிய முறையை ஏற்குமா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றும், மூன்றாவதற்கும் ஆம் என்றும் விடை வந்தால் மாறிவிடலாம். மூன்றாவதற்கு இல்லை என்று வந்தால், இருக்கும் முறையை வைத்துக்கொண்டு நகல்களின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும்.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. எவருக்கும் முன்னறிவிப்பு இல்லை. அத்தகைய பெருந்தடை அடிக்கடி வருவதில்லை. ஒரு தெருவுக்கும் ஒரு கம்பத்துக்கும் நேரும் சிறு தடைகளோ ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மழைக்கு முன்னே கணக்கை ஒழுங்கு செய்து வைக்க நம்மால் ஆகும். இந்த வாரத்திலேயே உங்கள் கணினியில் உள்ள வட்டுகள் எந்த முறையில் அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். நகல் ஒன்று எடுத்து, அதனை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். மாறுவதா வேண்டாமா என்பதை அதன்பின் நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.